கரையில் நின்ற படகுகளைக் கணக்கெடுக்கிறவர்களுக்கு

பேரிடர் மீட்பு அமைப்புகளின் திட்ட அலுவலகங்களுக்கும், எல்லாம் முடிந்தபின் கோப்புகளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காரும் மதிப்பாய்வுக் குழுக்களுக்கும் வணக்கம்.

நான் கயிற்றில் இறங்கியவன் அல்ல. இடிபாட்டுக்குள் கை நுழைத்து யாரையும் வெளியே இழுத்ததில்லை. பல ஆண்டுகள் ஒருங்கிணைப்பு அறையில் திட்டப் பிரிவு மேசையில் இருந்தவன். எந்தக் குழு எங்கே நிற்கிறது, எந்தப் பொருள் எப்போது வந்து சேரும், அடுத்த 12 மணி நேரத்தில் என்ன செய்யப்போகிறோம் என்று பலகையில் எழுதி, அழித்து, மறுபடியும் எழுதியவன். ஆக, உங்கள் பந்தியில் உட்கார வேண்டியவன்தான். வெளியாள் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரக்கூடிய சிலவற்றை அந்த உரிமையில் சொல்கிறேன்.

ஒரு வெள்ளத்துக்குப் பிந்தைய மதிப்பாய்வுக் கூட்டத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "வாடகைக்கு எடுத்த படகுகளில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரில் இறங்கவே இல்லையே, ஏன்?" கேட்டவர் கெட்டவர் அல்லர். அவர் கையில் ஒரு படிவம் இருந்தது. படிவத்தில் 'வளப் பயன்பாடு' என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டத்துக்கு ஒரு எண் தேவைப்பட்டது. நான் சொன்ன விளக்கம் கூட்டக் குறிப்பில் ஏறவில்லை. 'பயன்பாடு 67 சதவீதம், மேம்பாடு தேவை' என்பது மட்டும் ஏறியது. அடுத்த மழைக்காலத்துக்கு எத்தனை படகுகள் என்று முடிவு செய்தபோது அந்த 67 சதவீதத்தை வைத்துத்தான் வெட்டினார்கள்.

அந்த மழையில் ஒரு படகின் சுழலியில் நைலான் கயிறு சுற்றிக்கொண்டது. இன்னொரு ரப்பர் படகு நீருக்கடியில் இருந்த கம்பிவேலியில் கிழிந்தது. இரண்டும் சாதாரண விஷயங்கள்; வெள்ளம் என்றால் நடப்பவை. ஆனால் கரையில் மாற்றுப் படகு இல்லை. மொட்டைமாடி ஒன்றில் ஏழு பேர் நான்கு மணி நேரம் கூடுதலாக நின்றார்கள். பிழைத்தார்கள். பிழைத்துவிட்டதால் அந்த நான்கு மணி நேரம் எந்த அறிக்கையிலும் இல்லை. அந்த ஆண்டின் படகுப் பயன்பாடு மட்டும் நன்றாக உயர்ந்திருந்தது.

குகைக்குள் முக்குளிப்பவர்களிடம் பழைய விதி ஒன்று உண்டு. கொண்டுபோகும் காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு திரும்பி வர. மீதி ஒரு பங்கு எதற்கும் ஒதுக்கப்பட்டதல்ல. நினைத்துப் பார்க்காத ஏதோ ஒன்றுக்காக. பயணம் நல்லபடியாக முடிந்தால் அந்தக் கடைசிப் பங்கு உருளையிலேயே இருக்கும். கரையேறியவரிடம் "இவ்வளவு காற்றை வீணாகச் சுமந்தீர்களே" என்று எவரும் கேட்பதில்லை. உங்கள் படிவத்தை அவர் நிரப்பினால் அவருக்கும் 67 சதவீதம்தான் வரும்.

இந்த மடலில் நான் சொல்ல வந்தது இதுதான்: மீட்புப் பணியில் வீண் எது என்று நீங்கள் தேடும் இடம் தவறு. பயன்படாமல் நின்றதையெல்லாம் வீண் என்று எழுதுகிறீர்கள். உண்மையான வீண் அதே நேரத்தில், அதே அறையில், மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கிறது. மும்முரமாக இருப்பதால் உங்கள் கண்ணில் படுவதில்லை.

கணக்கு என்றால் உங்களுக்குப் பிடிக்கும். ஒரு கணக்குப் போடுவோம். தொலைபேசி இணைப்பகங்களில் அழைப்புகள் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று டென்மார்க்கின் கணிதவியலாளர் எர்லாங் 1909ல் ஆராயத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய வடிவம் இது. ஒரே ஒரு ஆம்புலன்ஸ். அழைப்புகள் தாறுமாறான இடைவெளியில் வருகின்றன. ஒரு நடைக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் ஆகிறது. சில நடை குறுகியது, சில நீண்டது. வண்டி பாதி நேரம் வேலையில் இருந்தால், அழைத்தவர் சராசரியாக ஒரு மணி நேரம் காத்திருப்பார். 80 சதவீதம் வேலையில் இருந்தால் 4 மணி நேரம். 90 சதவீதம் என்றால் 9 மணி நேரம். 95 சதவீதம் என்றால் 19 மணி நேரம். வண்டிகளைக் கூட்டினால் இந்த எண்கள் இறங்கும். ஆனால் முழுப் பயன்பாட்டை நெருங்க நெருங்கக் காத்திருப்பு செங்குத்தாக ஏறும் அந்த வளைவு மாறாது. அறிக்கையில் நீங்கள் பாராட்டும் அந்த 95 சதவீதத்தை, தரையில் கிடப்பவர் எப்படி அனுபவிக்கிறார் என்பது இதில் இருக்கிறது.

தொழிற்சாலையில் இந்தக் கணக்கு தெரியாமல் இல்லை. அங்கே காத்திருப்பது இரும்புத் தகடு. காத்திருந்தால் துருப்பிடிக்கும், அவ்வளவுதான்.

உங்கள் கருவிகளே இதை ஒரு காலத்தில் அறிந்திருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். 1958ல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான 'பெர்ட்' என்ற கால அட்டவணை முறையில் ஒரு வேலைக்கு மூன்று கால மதிப்பீடுகள் கேட்டார்கள்: எல்லாம் நன்றாக நடந்தால் எவ்வளவு, வழக்கமாக எவ்வளவு, எல்லாம் கோணலாகப் போனால் எவ்வளவு. முதலில் இருந்தே ஐயத்துக்கு இடம் வைத்த முறை அது. காலப்போக்கில் நடு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் உதறிவிட்டோம். இன்று ஒருங்கிணைப்பு அறைக்கு வரும் அட்டவணைகளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரே தேதி, ஒரே மணி, ஒரே பொறுப்பாளர். பார்க்க அழகாக இருக்கும். முதல் நில அதிர்வின் பின்னதிர்வு வரும்வரை.

சிலியில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 ஆகஸ்ட் 5 அன்று கோப்பியாப்போ நகருக்கு அருகே சான் ஹோசே சுரங்கம் இடிந்து, ஏறத்தாழ 700 மீட்டர் ஆழத்தில் 33 பேர் சிக்கினார்கள். உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாது. அவர்கள் ஒதுங்கியிருக்கக்கூடிய புகலிடத்தை நோக்கி ஒன்றுக்கு மேற்பட்ட எந்திரங்கள் ஒரே நேரத்தில் துளையிட்டன. சுரங்கத்தின் வரைபடங்கள் பழையவை. அந்த ஆழத்தில் துளை தன் போக்கில் வளையும். துளைகள் இலக்கைத் தவறிக்கொண்டே இருந்தன. 17ஆம் நாள், ஆகஸ்ட் 22 அன்று, ஒரு துளை சரியான இடத்தில் இறங்கியது. மேலே வந்த துளைக்கருவியில் 33 பேரும் நலம் என்ற சீட்டு கட்டப்பட்டிருந்தது. தவறிய துளைகளை உங்கள் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? 'தோல்வியுற்ற பணிகள்' என்றா?

அதன்பிறகுதான் உங்கள் பார்வைக்கு இன்னும் உறுத்தலான கட்டம் வருகிறது. மனிதர் ஏறி வரும் அளவுக்கு அகலமான வழி வேண்டும். பொறுப்பில் இருந்த பொறியாளர் ஆந்த்ரே சூகாரெட்டின் குழு ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றைக் கைவிடவில்லை. திட்டம் அ, ஆ, இ என மூன்றையும் ஒருசேர ஓட்டினார்கள். முதலாவது, சுரங்கத் துறைக்கு நன்கு பழக்கமான பெரிய துளைப்பு எந்திரம். இரண்டாவது, ஏற்கெனவே இறங்கியிருந்த ஒரு சிறு துளையைச் சுத்தியல் முறையில் அகலப்படுத்தும் எந்திரம். மூன்றாவது, எண்ணெய்க் கிணறு தோண்டும் பெருங்கோபுரம். மூன்றுக்கும் தனித்தனி ஆட்கள், எரிபொருள், உதிரிப்பாகங்கள். இரண்டாவது திட்டம் நடுவழியில் சுரங்கக் கூரையைத் தாங்கும் இரும்புக் கம்பியில் மோதிச் சுத்தியல் தலையே உடைந்தது. உடைந்த இரும்பைத் துளையிலிருந்து மீன்பிடிப்பதுபோலப் பிடித்து எடுக்க நாட்கள் ஆயின. அன்று மாலை ஒரு மதிப்பாய்வுக் குழு அங்கே போயிருந்தால் இரண்டாவது திட்டத்தை மூடச் சொல்லியிருக்கும். அக்டோபர் 9 அன்று முதலில் கீழே போய்ச் சேர்ந்தது அந்த இரண்டாவது திட்டம்தான். அக்டோபர் 13 அன்று 33 பேரும் வெளியே வந்தார்கள். 69 நாட்கள்.

முதலில் ஊடகங்களுக்குச் சொல்லப்பட்ட கெடு கிறிஸ்துமஸ். உங்கள் மொழியில் இது 'கால அட்டவணைக்கு முன்பே முடிந்த திட்டம்'. அதை நீங்கள் பாராட்டவே செய்வீர்கள். ஆனால் பாராட்டுப் பத்திரத்தின் அடுத்த பக்கத்திலேயே, பாதியில் நின்ற மற்ற இரண்டு துளைகளுக்கும் ஆன செலவு சிவப்பு மையில் இருக்கும். எது முதலில் போய்ச் சேரும் என்று தெரிந்திருந்தால் ஒன்றை மட்டும் ஓட்டியிருக்கலாம். தெரியாததால்தானே மூன்று.

தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 2018 ஜூன் 23 அன்று 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் சிக்கியபோது நடந்தது இன்னும் நுட்பமானது. தண்ணீரை இறைத்து வெளியேற்றுவது, மலைமேல் ஓடைகளைத் திருப்பிவிடுவது, மேலிருந்து ஏதாவது வழி கிடைக்குமா என்று மலையைத் துழாவுவது, மழைக்காலம் முடியும்வரை உள்ளேயே வைத்து உணவு அனுப்புவது, முக்குளிப்பவர்களைக் கொண்டு வெளியே எடுப்பது என்று பல வழிகள் ஒரே நேரத்தில் மேசையில் இருந்தன. கடைசியில் நடந்தது கடைசி வழி. ஜூலை 8 முதல் 10 வரை எல்லோரையும் கொண்டுவந்துவிட்டார்கள். அப்படியானால் தண்ணீர் இறைத்தது தோற்ற திட்டமா? இல்லை. இரவும் பகலும் இறைத்ததால் வெளியேறும் வழியில் நீர் இறங்கி, முழுக்க மூழ்கிக் கடக்க வேண்டிய தூரம் குறைந்தது. ஒரு திட்டம் தன் இலக்கை எட்டாமலே இன்னொரு திட்டத்தைச் சாத்தியமாக்கியது. இதற்கு உங்கள் பட்டியலில் பெயர் இல்லை. அந்தப் பணியில் ஜூலை 6 அன்று முன்னாள் கடற்படை முக்குளிப்பு வீரர் சமன் குனான் உயிர் கொடுத்ததையும் இங்கே சொல்லாமல் கடக்க முடியாது. காற்று உருளைகளை வழியில் வைத்துவிட்டுத் திரும்பும்போது அவர் இறந்தார். வேறு எவரோ தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைக்கப்பட்ட உருளைகள் அவை.

உத்தராகண்டில் 2023 நவம்பர் 12 அன்று சில்க்யாரா சுரங்கப்பாதை சரிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே அடைபட்டார்கள். அங்கும் ஐந்து வழிகள், ஐந்து அமைப்புகள். பெரிதும் நம்பப்பட்ட, திருகுபோல் குடைந்து போகும் ஆகர் எந்திரம் இடிபாட்டுக்குள் 45 மீட்டருக்கு மேல் போனபின் உடைந்து சிக்கிக்கொண்டது. மலை உச்சியிலிருந்து செங்குத்தாகத் துளையிடும் வேலை தொடங்கிவிட்டது. ஆனால் கடைசி 10 மீட்டர் சொச்சத்தைக் கையால் குடைந்து வழி செய்தவர்கள் 'எலி வளை' முறையில், அதாவது ஆள் ஊர்ந்து போகும் அளவுக்கே குறுகிய துளையில், வேலை செய்து பழகியவர்கள். அந்த முறையில் நிலக்கரி எடுப்பது ஆபத்தானது என்று 2014லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்திருந்தது. நவம்பர் 28 அன்று 41 பேரும் வெளியே வந்தார்கள். எந்த வளப் பட்டியலிலும் முன்கூட்டி இடம்பெற முடியாத ஒரு திறமை கடைசி நாளில் தேவைப்பட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: 17 நாட்கள் அந்த 41 பேரும் உயிரோடிருந்தது குழாய் வழியாகப் போன காற்றாலும் உணவாலும். எல்லாத் திட்டங்களுக்கும் அவகாசம் வாங்கிக் கொடுத்தது அந்தக் குழாய். செலவுப் பட்டியலில் அதற்கு ஒரு வரிகூட முழுதாகக் கிடைத்திருக்காது.

இவை உலகமே பார்த்த பெரிய நிகழ்வுகள். அன்றாடத்திலும் இதே விதி இருக்கிறது. அமெரிக்காவில் 1998 முதல் இருக்கும் தொழிற்பாதுகாப்பு விதிப்படி, எரியும் கட்டடத்துக்குள் இருவர் போனால் வெளியே குறைந்தது இருவர், உள்ளே போனவர்களை மீட்கத் தயாராக நிற்க வேண்டும். தீ கொழுந்துவிடும்போது இரண்டு பேரைச் சும்மா நிறுத்துவதா என்று தீயணைப்பு வீரர்களுக்கே முதலில் கை பரபரக்கும். அந்தப் பரபரப்பை அடக்குவதற்குத்தான் அதை விதியாக்கினார்கள். புயல் எச்சரிக்கையும் இப்படித்தான். 1999 ஒடிசா பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013ல் பைலின் புயல் அதே கரையை நோக்கி வந்தபோது ஏறத்தாழ 10 லட்சம் பேரை முன்னதாகவே இடம் மாற்றினார்கள். உயிரிழப்பு சில பத்துகளுக்குள் நின்றது. அந்தப் 10 லட்சம் பேரில் பலருடைய வீட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. யாருடைய வீடு தப்பும் என்று முன்னிரவில் சொல்லத் தெரிந்தவர் யாராவது உங்கள் குழுவில் இருந்தால் தெரியப்படுத்துங்கள், அவரைத் திட்டப் பிரிவில் உடனே சேர்த்துக்கொள்கிறேன்.

சரி, வீண் எங்கே இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா?

1988 டிசம்பரில் ஆர்மீனியா நிலநடுக்கத்துக்குப் பின் உலகம் முழுவதிலிருந்தும் 5,000 டன் மருந்துகளும் மருத்துவப் பொருட்களும் வந்து குவிந்தன. என்ன வந்திருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளவே 50 பேருக்கு ஆறு மாதம் பிடித்தது. வந்து இறங்கும்போதே 8 சதவீதம் காலாவதியாகியிருந்தது. 4 சதவீதம் பனியில் கெட்டது. மீதியில் எளிதாக அடையாளம் காண முடிந்தது 30 சதவீதம்தான். மருந்து நன்கொடை எப்படி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1996ல் நெறிமுறை எழுத இதுபோன்ற அனுபவங்கள்தான் காரணம். அந்த 50 பேரும் ஆறு மாதமும் 100 சதவீதம் பயன்பாட்டில் இருந்திருப்பார்கள். கிடங்கு நிறைந்திருந்தது, லாரிகள் ஓடின, கையெழுத்துகள் விழுந்தன. வீண் என்றால் இது.

இன்னொரு வீண், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது. முகாமில் இருக்கும் ஒரு தாயிடம் ஒரே வாரத்தில் நான்கு அமைப்புகள் வந்து, வீட்டில் எத்தனை பேர், யார் காணவில்லை என்று கேட்டு எழுதிப்போவதைப் பார்த்திருக்கிறேன். நான்காவது ஆளிடம் அவர் பதில் சொல்லவில்லை; எழுந்து போய்விட்டார். ஐ.நா. சார்ந்த உதவி அமைப்புகள் 2005 முதல் தண்ணீர், தங்குமிடம், சுகாதாரம் என்று துறைவாரியாகத் தொகுதிகள் அமைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமை அமைப்பை வைத்தது இந்தக் கூத்தைக் குறைக்கத்தான். குறைந்திருக்கிறது. ஒழியவில்லை. கூட்டங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன என்பது என் சொந்த மனக்குறை. இதில் நான் நடுநிலையானவன் அல்ல.

மூன்றாவதாக, எல்லாம் நெரிந்து தடைபடும் இடுக்கு எது என்று பாராமல் எல்லாவற்றையும் வேகப்படுத்துவது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பின் போர்ட்டோபிரின்ஸ் விமான நிலையத்தில் ஓடுபாதை ஒன்றே ஒன்று. கட்டுப்பாட்டுக் கோபுரம் சேதமடைந்திருந்தது. உலகெங்கும் விமானங்கள் வேகவேகமாக ஏற்றப்பட்டுப் புறப்பட்டன, வானத்தில் வட்டமடித்தன, பக்கத்து நாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டன. அந்த நாட்களில் ஏற்றும் வேகத்தைக் கூட்டிய எவரும் ஹெய்ட்டிக்கு எதையும் சீக்கிரம் கொண்டுபோகவில்லை. எந்த விமானம் முதலில் இறங்க வேண்டும், இறங்கியது எத்தனை நிமிடத்தில் காலி செய்துவிட்டுப் போக வேண்டும் என்ற இரண்டு முடிவுகளில்தான் விஷயம் இருந்தது. திட்ட மேலாண்மை தெரிந்தவர்கள் தேவைப்படும் இடம் இதுதான். இடுக்கைக் கண்டுபிடித்து அதைக் காவல் காப்பது உங்கள் தொழிலின் சாரம். படகு எண்ணுவதைவிட அது எவ்வளவோ கண்ணியமான வேலை.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது, ஒருவருக்குத் தெரிந்தது பக்கத்தில் இருப்பவருக்குப் போய்ச் சேராமல் வீணாவது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் காவல்துறை ஹெலிகாப்டர்களில் இருந்தவர்கள் மேலிருந்து கோபுரத்தின் நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்டது தீயணைப்புத் துறைத் தலைமைக்கு நேராகப் போய்ச் சேர வழி இருக்கவில்லை. அன்று 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். ஒரு துறையின் அறையில் இன்னொரு துறையின் ஆள் ஒருவர், கையில் வேறு வேலை இல்லாமல், கேட்டுக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். தொடர்பு அலுவலர் என்பது அவர் பெயர். என் அனுபவத்தில், ஆட்குறைப்பு என்றதும் முதலில் வெட்டப்படுவதும் அவர்தான். "அந்தம்மா நாள் முழுக்க என்ன செய்தார்?" என்று ஒருமுறை கேட்டார்கள். மாலை 4 மணிக்கு ஒரு வாக்கியம் சொன்னார்: மேல் அணையின் மதகை ஆறு மணிக்குத் திறக்கப்போகிறார்கள் என்று. அந்த ஒரு வாக்கியத்துக்காக இரண்டு குழுக்களைத் தாழ்வான தெருவிலிருந்து வெளியே எடுத்தோம்.

1970ல் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ 13 நாட்கள் எரிந்து 16 பேர் இறந்தபின் ஆராய்ந்தவர்களும் ஆளும் பொருளும் போதாமைதான் முதல் காரணம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு துறையும் ஒரே பொருளுக்கு வெவ்வேறு பெயர் வைத்திருந்தது; வானொலிகள் ஒன்றோடொன்று பேசவில்லை; ஒருவருக்குக் கீழே அளவுக்கு மீறிய ஆட்கள். பேரிடர் களத்தில் யார் யாருக்குக் கட்டளையிடுவது என்று ஒழுங்குபடுத்தும் நிகழ்விடக் கட்டளை அமைப்பு அதிலிருந்து பிறந்தது. ஒருவர் மூன்று முதல் ஏழு பேர் வரைதான் மேற்பார்வை செய்யலாம், ஐந்து பேர் என்றால் நல்லது என்ற விதி அதில் உண்டு. இதுவும் ஒரு வகை உபரிதான். தலைக்குள் வைக்கும் உபரி. பதினைந்து பேருக்குக் கட்டளையிடும் அதிகாரி சிக்கனமானவர் என்று நினைத்தால், மூன்றாம் நாள் விடியற்காலை அவருடைய கையெழுத்தைப் பாருங்கள்.

நீங்கள் திருப்பிக் கேட்கக்கூடியது எனக்குத் தெரியும். "அப்படியானால் சும்மா கிடந்த எல்லாவற்றுக்கும் 'கையிருப்பு' என்று பெயர் சூட்டித் தப்பித்துக்கொள்ளலாமா?" நியாயமான கேள்வி. பணம் கிணற்றில் ஊறுவதல்ல. கையிருப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் சோம்பலும் ஒளிந்துகொள்ளும், தேவையில்லாத வாடகைக்குப் போட்ட கையெழுத்தும் ஒளிந்துகொள்ளும். இரண்டையும் பார்த்திருக்கிறேன். சாவி எங்கே என்று தெரியாத ஜெனரேட்டரைக் கையிருப்புப் பட்டியலில் பார்த்தபோது எனக்கும் ரத்தம் கொதித்தது.

வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. கட்டளை அமைப்பில் 'தயார்நிலைத் தளம்' என்று ஒன்று உண்டு. அங்கே நிற்கும் எந்தக் குழுவும் அழைத்த மூன்று நிமிடத்தில் புறப்பட வேண்டும் என்பது அதன் பழைய அளவுகோல். மூன்று நிமிடத்தில் புறப்பட முடிந்தால் அது கையிருப்பு. ஓட்டுநரைத் தேட வேண்டும், எரிபொருள் நிரப்ப வேண்டும் என்றால் அது வெறும் பொருள். அடுத்து, அந்தக் கையிருப்பு எந்த இடருக்காக நிற்கிறது, எப்போது அவிழ்த்துவிடலாம் என்று எழுதியிருக்க வேண்டும். 'இருட்டும்வரை', 'மதகு மூடும்வரை', 'இரண்டாவது எந்திரம் 300 மீட்டரைத் தாண்டும்வரை' என்று ஒரு வரி போதும். முடிவுநேரம் இல்லாத கையிருப்பைக் கேள்வி கேளுங்கள். தாராளமாகக் கேளுங்கள்.

மீட்புக் கட்டம் முடிந்து நிவாரணமும் மறுகட்டுமானமும் தொடங்கியபின் உங்கள் பழைய அளவுகோல்களுக்கு மதிப்பு வந்துவிடும். நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும் ஸ்ஃபியர் கையேடு ஒரு ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, தங்குமிடத்தில் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் என்று சொல்கிறது. அவற்றை எண்ணலாம், எண்ணவும் வேண்டும். வீடு கட்டும் திட்டத்தில் சிமென்ட் கலவை எந்திரம் வாரக்கணக்கில் நின்றால் தயவுதாட்சண்யம் இல்லாமல் எழுதுங்கள். முதல் சில நாட்களுக்கும் அடுத்த சில மாதங்களுக்கும் ஒரே படிவம் என்பதுதான் என் புகார்.

எனவே படிவத்தை மாற்றித் தாருங்கள். 'வளப் பயன்பாடு' என்ற கட்டத்தை மீட்புக் கட்டத்துக்கு நீக்கிவிட்டு, 'அழைப்பு வந்ததிலிருந்து போய்ச் சேர்ந்தது வரை' என்ற நேரத்தைக் கேளுங்கள். சராசரியை மட்டும் கேட்காதீர்கள். மிக அதிகமாகக் காத்திருந்தவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று கேளுங்கள். மொட்டைமாடியில் நின்ற அந்த ஏழு பேர் அப்போதுதான் உங்கள் அறிக்கைக்குள் வருவார்கள். கைவிடப்பட்ட திட்டங்களைத் தோல்வி என்று குறிக்காமல், எந்தத் தகவல் வந்தபின் கைவிட்டோம் என்று கேளுங்கள். தகவல் வந்தும் கைவிடாமல் கௌரவத்துக்காக இழுத்தடித்த திட்டம் இருந்தால் அங்கே உங்கள் சிவப்பு மையைக் கொட்டுங்கள்.

முடிவுகளை, அவை எடுக்கப்பட்ட மணியில் என்ன தெரிந்திருந்ததோ அதை வைத்து எடைபோடுங்கள். புயல் திசைமாறிப் போனபின் "ஏன் காலி செய்தீர்கள்" என்பதும், அணை உடைந்தபின் "ஏன் காலி செய்யவில்லை" என்பதும் ஒரே நாற்காலியிலிருந்து வரும் கேள்விகள். இரண்டையும் கேட்பவருக்கு விடை முன்பே தெரியும். எங்களுக்குத் தெரியாது.

இந்தக் கடைசி விஷயத்தில் என் தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த முதல் வெள்ளத்தில் படகுகளை ஏன் கரையில் நிறுத்தினோம் என்பதற்குக் காரணம் இருந்தது. பிற்பகலில் மேல் அணையிலிருந்து நீர் கூடும் என்ற தகவல் வந்திருந்தது. அதைப் பலகையில் நானே எழுதினேன். மாலை 6 மணிக்கு அடுத்த ஷிப்ட் வந்தது. புதிய நிலவரம் எழுத இடம் வேண்டும் என்று பலகையை அழித்தேன். கோப்பில் அந்த வரி இல்லை. மதிப்பாய்வில் நான் வாயால் சொன்னதற்கு ஆதாரம் கேட்டார்கள். என்னிடம் இருந்தது வெள்ளைப் பலகை. கேட்டவர்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி என்மேல் வர வேண்டிய கோபம் என்பது பின்னால்தான் புரிந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் அழிப்பதற்கு முன் பலகையை ஒரு படம் எடுத்துவிடுகிறேன். சென்ற முறை எடுத்தவை மொத்தம் 22 படங்கள். ஒன்றில், என் கோணல் எழுத்தில், 'படகு: கரையில் இரண்டு. இருட்டும் முன் கடைசி நடைக்கு. 18.30க்குப் பின் அவிழ்க்கலாம்' என்று இருக்கிறது. அதற்கடுத்த படத்தில் அந்த வரியின்மேல் கோடு கிழித்து, '18.10, ஒன்று இறங்கியது, மூவர்' என்று வேறு ஒருவருடைய எழுத்தில் இருக்கிறது. வரும் மதிப்பாய்வுக் கூட்டத்துக்கு 22 படங்களையும் அச்சிட்டுக் கொண்டுவருகிறேன். மேசையில் இடம் ஒதுக்கி வையுங்கள்.

அன்புடன்,
திட்டப் பிரிவு மேசையிலிருந்து ஒருவன்